இராமநாதபுரம் கடலோரத்தில் பி.ஏ. ஆங்கிலம்: விண்ணப்பம் முதல் ஆறாவது செமஸ்டர் வரை முழுமையான வழிகாட்டி

பி.ஏ. ஆங்கிலம் படித்தால் சரளமாக இங்கிலீஷ் பேச வந்துவிடும் என்று நம்பிச் சேருகிறவர்கள்தான் முதல் செமஸ்டரிலேயே திணறுகிறார்கள். இது பேச்சுப் பயிற்சி வகுப்பு அல்ல. ஒரு கவிதையை, நாடகத்தை, கட்டுரையை வரி வரியாகப் படித்து, அதைப் பற்றி ஆங்கிலத்தில் தெளிவாக எழுதக் கற்றுக்கொள்ளும் படிப்பு. பேச்சு வரும், ஆனால் வாசிப்புக்கும் எழுத்துக்கும் பின்னால்தான் வரும்.

தொண்டியில் தொடங்கி தேவிபட்டினம், மண்டபம், பாம்பன், இராமேஸ்வரம், கீழக்கரை, ஏர்வாடி, சாயல்குடி வரை இந்தப் படிப்பில் சேரும் மாணவர்களில் பலர் தமிழ் வழியில் படித்தவர்கள், வீட்டில் முதல் பட்டதாரிகள். அவர்களை மனத்தில் வைத்தே இது எழுதப்படுகிறது. ஒன்றை மட்டும் முதலிலேயே அழுத்திச் சொல்ல வேண்டும்: மூலநூலை முதலில் படியுங்கள், நோட்ஸை அதற்குப் பிறகு எடுங்கள். மூன்று வருடமும் இந்த வரிசை மாறாமல் இருந்தால் போதும், மற்றவை பழக்கத்தில் சரியாகும். வரிசை மாறினால் டிகிரி கையில் வரும், படிப்பு வராது.

விண்ணப்பமும் சேர்க்கையும்

மாவட்டத்தின் கலை அறிவியல் கல்லூரிகள் காரைக்குடி அழகப்பா பல்கலைக்கழகத்தின் கீழ் வருகின்றன. இராமநாதபுரத்தில் சேதுபதி அரசு கலைக் கல்லூரி, இராமேஸ்வரத்தில் டாக்டர் ஏ.பி.ஜே. அப்துல் கலாம் அரசு கலை அறிவியல் கல்லூரி, பரமக்குடி, முதுகுளத்தூர், கடலாடி, திருவாடானை ஆகிய ஊர்களில் அரசுக் கல்லூரிகள், கீழக்கரையில் தாசிம் பீவி அப்துல் காதர் மகளிர் கல்லூரியும் செய்யது ஹமீதா கலை அறிவியல் கல்லூரியும் என்று வாய்ப்புகள் உள்ளன. எந்தக் கல்லூரியில் பி.ஏ. ஆங்கிலம் இருக்கிறது, காலைச் சுழற்சியா மாலைச் சுழற்சியா, எத்தனை இடங்கள் என்பதை விண்ணப்பிக்கும் ஆண்டிலேயே பார்த்துக்கொள்ளுங்கள். ஊருக்குக் கடைசிப் பஸ் எத்தனை மணிக்கு என்பதையும் சேர்த்து விசாரியுங்கள். மாலைச் சுழற்சி கிடைத்து, வலிநோக்கத்துக்கோ மூக்கையூருக்கோ திரும்ப பஸ் இல்லாமல் படிப்பை விட்டவர்கள் உண்டு.

அரசுக் கல்லூரிகளுக்கு டி.என்.ஜி.ஏ.எஸ்.ஏ. இணையதளத்தில் ஒரே விண்ணப்பம். பன்னிரண்டாம் வகுப்பு முடிவு வந்தவுடன் மே மாதத்தில் பதிவு தொடங்கும். அண்மைச் சேர்க்கைகளில் விண்ணப்பக் கட்டணம் 48 ரூபாய், பதிவுக் கட்டணம் 2 ரூபாய். பட்டியல் இனத்தவரும் பழங்குடியினரும் 2 ரூபாய் மட்டும் கட்டினால் போதும். பலருக்குத் தெரியாத ஒரு விஷயம் இருக்கிறது: பி.ஏ. ஆங்கிலத்துக்கான தரவரிசை மொத்த மதிப்பெண்ணை வைத்துத் தயாராவதில்லை, பன்னிரண்டாம் வகுப்பு ஆங்கிலப் பாட மதிப்பெண்ணை வைத்துத் தயாராகிறது. மொத்தத்தில் குறைந்து ஆங்கிலத்தில் மட்டும் நல்ல மதிப்பெண் வைத்திருப்பவர் தயங்காமல் விண்ணப்பிக்கலாம். மொத்த மதிப்பெண் அதிகம் என்ற நம்பிக்கையில் ஒரே கல்லூரியை மட்டும் தேர்வு செய்துவிட்டு உட்கார்ந்திருப்பது ஆபத்து. போய்வரக்கூடிய தூரத்தில் குறைந்தது 3 கல்லூரிகளைக் குறியுங்கள்.

இந்தக் கடற்கரைக்கே உரிய சிக்கல் பணம். விசைப்படகுகளுக்கான மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள். விண்ணப்பம், கலந்தாய்வு, முதல் கட்டணம் எல்லாம் வீட்டில் வருமானம் நின்றிருக்கும் இந்த நாட்களை ஒட்டியே வருகின்றன. அரசுக் கல்லூரியில் கட்டணம் குறைவுதான். ஆனாலும் கட்டணம், பஸ் செலவு, நகல்கள், முதல் செட் புத்தகங்கள் என்று ஒரு தொகையை ஏப்ரல் பாதிக்கு முன்பே ஒதுக்கி வைக்கச் சொல்லுங்கள். பெற்றோர் மீனவர் நல வாரிய உறுப்பினர் என்றால் பிள்ளைகளின் கல்விக்கு உதவித்தொகை உண்டு. உறுப்பினர் அட்டை புதுப்பிக்கப்பட்டிருக்கிறதா என்று முன்கூட்டியே பார்க்க வேண்டும். அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்த மாணவியருக்குப் புதுமைப்பெண் திட்டத்திலும், மாணவர்களுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்திலும் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கிறது. அரசு உதவிபெறும் பள்ளிகளில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கும் பின்னர் இது விரிவாக்கப்பட்டது. இந்தப் பணம் பெரும்பாலும் தடைபடுவது வங்கிக் கணக்குடன் ஆதார் இணையாததால்தான். கல்லூரி திறப்பதற்கு முன்பே மாணவர் பெயரில் கணக்கு, ஆதார் இணைப்பு, சாதிச் சான்றிதழ் மூன்றையும் முடித்துவிடுங்கள். எல்லா ஆவணங்களிலும் பெயரும் முதலெழுத்தும் ஒரே மாதிரி இருக்கின்றனவா என்று ஒருமுறை பாருங்கள். ஓர் எழுத்து மாறினாலும் அலைச்சல்.

கல்லூரி திறக்கும் முன் ஒரு புத்தகம்

தேர்வு முடிவுக்கும் முதல் வகுப்புக்கும் இடையில் ஆறேழு வாரம் கிடைக்கும். அதற்குள் ஓர் ஆங்கிலப் புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை முடித்துவிட வேண்டும். எங்கள் பரிந்துரை, 1999இல் வெளிவந்த அப்துல் கலாமின் 'விங்ஸ் ஆஃப் ஃபயர்'. காரணம் ஊர்ப் பெருமை மட்டும் அல்ல. அதன் முதல் அத்தியாயங்கள் நிகழும் இடங்கள் உங்களுக்குத் தெரியும்: இராமேஸ்வரத்துப் பள்ளிவாசல் தெரு, இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் ரயில் நிற்காமல் போனதால் தனுஷ்கோடிப் பாதையில் வீசப்பட்ட பத்திரிகைக் கட்டுகள், இராமநாதபுரம் ஸ்வார்ட்ஸ் பள்ளி. இடம் தெரிந்திருந்தால் தெரியாத சொற்களின் பொருளைச் சூழலிலிருந்தே ஊகிக்கலாம். ஊகிக்கும் இந்தப் பழக்கம்தான் முதல் செமஸ்டருக்குத் தேவையான தசை.

நாளுக்கு 5 பக்கம். முதல் தடவை அகராதி இல்லாமல் படியுங்கள். இரண்டாம் தடவை, பொருள் புரிவதைத் தடுக்கும் சொற்களை மட்டும், அதிகம் போனால் 8, குறித்துப் பாருங்கள். ஒவ்வொரு சொல்லுக்கும் அகராதியைத் திறப்பவர் மூன்றாம் நாள் புத்தகத்தை மூடிவிடுவார். தமிழில் பொருள் தரும் செயலியைவிட, எளிய ஆங்கிலத்திலேயே பொருளும் எடுத்துக்காட்டு வாக்கியமும் தரும் ஆக்ஸ்ஃபோர்டு அட்வான்ஸ்டு லேர்னர்ஸ் அகராதி நல்லது. சொல்லைத் தனியாக எழுதாமல், அது வந்த வாக்கியத்தோடு நோட்டில் எழுதுங்கள்.

என்னென்ன பாடங்கள்

பகுதி 1 தமிழ், பகுதி 2 பொது ஆங்கிலம், பகுதி 3 முதன்மைப் பாடங்களும் அவற்றுக்குத் துணையான அலைடு பாடங்களும், பகுதி 4இல் திறன் மேம்பாடு, சுற்றுச்சூழல் போன்றவை, பகுதி 5இல் விரிவாக்கப் பணி. நேரத்தில் பெரும்பங்கு பகுதி 3க்குப் போக வேண்டும். அதில் பிரிட்டிஷ் கவிதை, உரைநடை, நாடகம், புதினம், ஷேக்ஸ்பியர், அமெரிக்க இலக்கியம், இந்திய ஆங்கில இலக்கியம், இலக்கிய வரலாறு, மொழி வரலாறு, ஒலியியல், விமரிசனம் ஆகியவை ஆறு செமஸ்டரில் பரவிக் கிடக்கும். பாடத்திட்டம் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மாறும். அதனால் சீனியரின் பழைய நோட்டை வாங்கும்போது அது எந்த ஆண்டுப் பாடத்திட்டத்துக்கானது என்று கேளுங்கள். பல்கலைக்கழக இணையதளத்திலிருந்து உங்கள் பேட்சுக்கான பாடத்திட்டத்தை இறக்கி, ஒவ்வொரு பாடத்தின் 5 அலகுகளையும் நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி வையுங்கள். எது விரிவான வாசிப்புக்கு, எது மேலோட்டமான வாசிப்புக்கு என்று அதில் பிரித்திருப்பார்கள். விரிவான வாசிப்புக்கு உள்ளவற்றிலிருந்துதான் வரியைக் கொடுத்து விளக்கச் சொல்லும் கேள்விகள் வரும்.

கவிதையைப் படிக்கும் முறை

இங்கே தமிழ் வழி மாணவர்களுக்கு ஒரு பெரிய முன்தொடக்கம் இருக்கிறது, ஆனால் யாரும் அதை அவர்களுக்குச் சொல்வதில்லை. பள்ளியில் குறளை அலகிட்டு வாய்பாடு எழுதியிருக்கிறீர்கள். அசை, சீர், தளை, அடி என்று ஒரு செய்யுளைப் பிரித்துப் பார்க்கத் தெரிந்த கைக்கு ஆங்கில யாப்பு புதிதல்ல. வேறுபாடு ஒன்றுதான்: தமிழில் நேர், நிரை என்பது எழுத்தின் அளவையும் அசையின் அமைப்பையும் பொறுத்தது, ஆங்கிலத்தில் அசை மேல் விழும் அழுத்தத்தைப் பொறுத்தது.

ஷேக்ஸ்பியரின் 18ஆம் சானெட்டின் முதல் வரியை எடுங்கள் (சானெட் என்பது 14 வரிக் கவிதை). 'ஷல் ஐ கம்பேர் தீ டு எ சம்மர்ஸ் டே.' அசைகளை எண்ணினால் 10. இரண்டிரண்டாகப் பிரித்தால் 5 சீர்: ஷல் ஐ, கம் பேர், தீ டு, எ சம், மர்ஸ் டே. ஒவ்வொரு சீரிலும் முதல் அசை மெலிது, இரண்டாவது வலிது. இதுதான் ஐயாம்பிக் பென்டாமீட்டர். மூன்றாவது சீரில் 'டு' மேல் வலிந்து அழுத்தம் கொடுத்துப் படிக்க வேண்டாம். யாப்பின் அளவு ஒன்று, வாய் அதை இயல்பாகச் சொல்லும் விதம் இன்னொன்று. இரண்டுக்கும் நடுவில் வரும் இழுப்பில்தான் வரியின் அழகு. கையால் மேசையைத் தட்டி 14 வரிகளையும் சொல்லிப் பாருங்கள். நாலு நாலு வரியாக மூன்று பகுதி, கடைசியில் ஈரடி என்று அமைப்பு தானாகத் தெரியும். 9ஆம் வரி 'பட்' என்று தொடங்கும். அங்கே கவிதை திரும்புகிறது. அதுவரை கோடை எப்படி மங்குகிறது என்று சொன்னவர், உன் கோடை மங்காது என்கிறார்.

பொருளில் இடறும் இடமும் இதே கவிதையில் உண்டு. காதலியையோ நண்பனையோ கோடை நாளோடு ஒப்பிடுவதா என்று நம் ஊர் மாணவர் குழம்புவார். அக்னி நட்சத்திரத்தில் மணல் காலைச் சுடும் ஊரில் அந்தக் குழப்பம் நியாயமானது. இங்கிலாந்தில் கோடை குறுகியது, இதமானது, ஏங்கிக் காத்திருக்கும் பருவம். அந்த நாட்டின் காற்றும் வெயிலும் தெரியாமல் கவிதையைப் புரிந்துகொள்ள முடியாது. கவிதை எதுவானாலும் முதல் வாசிப்பிலேயே மூன்றைக் குறியுங்கள்: பேசுவது யார், யாரிடம், எங்கே எப்போது. இந்த மூன்றும் தெரியாமல் எழுதும் எந்த விடையும் மிதக்கும்.

ஒரு கவிதைக்கு மூன்று வாசிப்பு போதும். முதலில் சத்தமாக, நிறுத்தாமல். பிறகு பென்சிலோடு, ஒவ்வொரு வாக்கியத்தின் எழுவாயையும் பயனிலையையும் தேடி. கவிதையில் சொற்கள் இடம் மாறிக் கிடக்கும், செய்யுளைக் கொண்டுகூட்டிப் பொருள் காண்பது போலவே இதற்கும் செய்ய வேண்டும். மூன்றாவது தடவை, மனத்தைத் தைத்த இரண்டு வரிகளை எழுதி, அவை ஏன் தைத்தன என்று ஆங்கிலத்தில் 4 வாக்கியம். தப்பும் தவறுமாக இருக்கட்டும். அதற்குப் பிறகு நோட்ஸைத் திறங்கள். நீங்கள் கண்டது அதில் இருந்தால் நம்பிக்கை வரும். இல்லாவிட்டால் தேர்வில் உங்கள் விடை மட்டும் தனித்துத் தெரியும்.

நாடகம்: ஒரு முழு எடுத்துக்காட்டு

கடலோர மாணவர் முதலில் படிக்க வேண்டிய ஆங்கில நாடகம் எது என்று கேட்டால், ஜே.எம். சிங் எழுதிய 'ரைடர்ஸ் டு த சீ' என்போம். 1904இல் டப்ளினில் முதலில் மேடையேறிய ஓரங்க நாடகம், ஒரே உட்காரலில் படித்துவிடலாம். பல பாடத்திட்டங்களில் இருக்கிறது. உங்களுடையதில் இல்லாவிட்டாலும் படியுங்கள்.

அயர்லாந்தின் மேற்கே அட்லாண்டிக் கடலில் ஆரன் தீவுகள். மௌரியா என்ற தாய் கணவனையும் மாமனாரையும் பிள்ளைகளையும் ஒவ்வொருவராகக் கடலுக்குக் கொடுத்தவள். மைக்கேல் காணாமல் போய் நாளாகிறது. வடக்கே கரை ஒதுங்கிய ஓர் உடலிலிருந்து எடுத்த சட்டையும் காலுறையும் வீட்டுக்கு வருகின்றன. தங்கை நோரா, தான் பின்னிய காலுறையின் கண்ணிகளை எண்ணி, விடுபட்ட 4 கண்ணிகளை வைத்து அது அண்ணனுடையதுதான் என்று அறிகிறாள். கடைசி மகன் பார்ட்லி குதிரைகளை விற்கக் கிளம்புகிறான். தாய் தடுக்கிறாள், அவன் கேட்கவில்லை. வழியனுப்பும் வாழ்த்துச் சொல் அவள் வாயில் வரவில்லை. கொடுத்துவிட மறந்த ரொட்டியை எடுத்துக்கொண்டு பின்னாலேயே போகிறாள், அப்போதும் சொல் தொண்டையில் நின்றுவிடுகிறது. சற்று நேரத்தில் அவனையும் சடலமாகத் தூக்கி வருகிறார்கள். மைக்கேலுக்காக வாங்கி வைத்த வெள்ளைப் பலகைகள் பார்ட்லியின் பெட்டிக்கு ஆகின்றன. ஆணி வாங்க மறந்திருக்கிறார்கள்.

இதை எப்படிப் படிப்பது? முதலில் மேடையை வரையுங்கள்: அடுப்பு, நூல் ராட்டை, சுவரோரம் சாய்த்த பலகைகள், வெளியே கடல். அடுத்து, பொருள்களைப் பட்டியலிடுங்கள்: காலுறை, பலகை, ஆணி, ரொட்டி, கயிறு. ஒவ்வொன்றும் எந்த இடத்தில் வருகிறது, மறுபடி எங்கே வருகிறது என்று பக்க எண்ணோடு குறியுங்கள். பெரிய வசனங்களைவிட இந்தச் சிறு பொருள்கள்தான் நாடகத்தைச் சுமக்கின்றன. பிறகு பாத்திரங்கள் பேசும் ஆங்கிலம் ஏன் விநோதமாக இருக்கிறது என்று கேளுங்கள். அது ஐரிஷ் மொழியின் வாக்கிய அமைப்பு ஊறிய ஆங்கிலம். தப்பான ஆங்கிலம் என்று விடையில் எழுதிவிடாதீர்கள்.

இங்கேதான் நெய்தல் திணை உதவும். கடலும் கடல் சார்ந்த இடமும், இரங்கலும் இரங்கல் நிமித்தமும் என்று பள்ளியில் படித்தது வெறும் வரையறை அல்ல; நிலமும் உணர்வும் ஒன்றாகவே பேசும் என்று கற்றுத் தரும் வாசிப்பு முறை. வாடைக்காற்று நாளில் கரையில் நின்று கடலைப் பார்க்கும் பெண்ணின் முகம் தெரிந்தவருக்கு மௌரியாவின் மௌனம் நோட்ஸ் இல்லாமலே புரியும். ஆனால் எல்லை முக்கியம். சங்க அகப்பாட்டின் இரங்கல் தலைவனைப் பிரிந்த தலைவியுடையது. இங்கே இரங்குவது தாய், அதுவும் சாவுக்கு. அந்த வேறுபாட்டையும் சொல்லி எழுதினால் அது நல்ல ஒப்பீடு. சொல்லாமல் விட்டால் மேலோட்டமான பொருத்தம். ஏ.கே. ராமானுஜன் குறுந்தொகைப் பாடல்களை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து 1967இல் வெளியிட்ட 'த இன்டீரியர் லேண்ட்ஸ்கேப்' கிடைத்தால், திணையைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதத் தேவையான சொற்கள் அதன் பின்னுரையில் கிடைக்கும்.

இலக்கிய வரலாறு

இதில் நேரத்தை வீணாக்க வேண்டாம். ஒரு சார்ட் அட்டையில் இந்த ஆண்டுகளை எழுதிச் சுவரில் ஒட்டுங்கள்: 1066 நார்மன் படையெடுப்பு, 1476 காக்ஸ்டன் இங்கிலாந்தில் அச்சகம் தொடங்கியது, 1564 முதல் 1616 வரை ஷேக்ஸ்பியர், 1623 அவரது நாடகங்களின் முதல் பெருந்தொகுப்பான முதல் ஃபோலியோ, 1660 முடியாட்சி மீட்பு, 1667 மில்டனின் 'பாரடைஸ் லாஸ்ட்', 1798 வேர்ட்ஸ்வொர்த், கோல்ரிட்ஜ் இருவரின் 'லிரிகல் பேலட்ஸ்', 1837 முதல் 1901 வரை விக்டோரியா காலம், 1922 எலியட்டின் 'த வேஸ்ட் லேண்ட்'. புதிதாகப் படிக்கும் ஒவ்வொரு நூலையும் இந்தக் கோட்டில் அதன் இடத்தில் எழுதுங்கள். வரலாற்று நூலாக ஹட்சன் அல்லது எட்வர்ட் ஆல்பர்ட் போதும். கவிதை வகைகள், நாடக வகைகளுக்கு பி. பிரசாத் எழுதிய பின்னணி நூல் நம் கல்லூரிகளில் நெடுநாளாகப் புழங்குகிறது, எளிது. கலைச்சொற்களுக்கு ஏப்ராம்ஸ் எழுதிய கலைச்சொல் அகராதி.

ஒலியியல்: பயப்பட வேண்டாம், ஆனால் தள்ளிப்போடவும் வேண்டாம்

அரியர் அதிகம் விழும் பாடங்களில் இதுவும் ஒன்று. காரணம், காதால் படிக்க வேண்டியதைக் கண்ணால் மனப்பாடம் செய்வது. பாடத்தில் வரும் பிரிட்டிஷ் உச்சரிப்பில் 44 ஒலிகள்: 20 உயிர், 24 மெய். உயிரில் 12 தனி உயிர், 8 கூட்டுயிர். நாளுக்கு 4 குறியீடு என்று 11 நாளில் எழுதிப் பழகிவிடலாம். டி. பாலசுப்பிரமணியன் இந்திய மாணவர்களுக்காகவே எழுதிய ஒலியியல் பாடநூலை நூலகத்தில் கேளுங்கள். வாய்க்குள் நாக்கு இருக்கும் இடத்தைப் படமாகத் தருகிறது.

தமிழ் வாய்க்குச் சிக்கலான இடங்கள் குறிப்பானவை. தமிழில் 'ப' ஒரே எழுத்து. சொல் முதலில் அதிராமலும் 'அம்பு' என்னும்போது அதிர்ந்தும் ஒலிக்கும், பொருள் மாறாது. ஆங்கிலத்தில் அதிர்ந்தால் வேறு சொல். தொண்டையில் விரலை வைத்து அதிர்வைச் சோதித்துப் பழகுங்கள். 'ஸ்கூல்' என்பதற்கு முன்னால் ஓர் 'இ' சேருவதும், சொல்லின் கடைசி மெய்யோடு 'உ' ஒட்டுவதும் அடுத்தவை. எல்லாவற்றையும்விட முக்கியம் அழுத்தம். 'ஃபோட்டோகிராஃப்' முதல் அசையிலும், 'ஃபோட்டோகிராஃபர்' இரண்டாவதிலும், 'ஃபோட்டோகிராஃபிக்' மூன்றாவதிலும் அழுத்தம் பெறும். 'ரெக்கார்டு' பெயர்ச்சொல்லானால் முதல் அசை, வினையானால் இரண்டாவது. நாளுக்கு 10 நிமிடம் பி.பி.சி. ஒலிபரப்பைக் கேட்டு, ஒரு வாக்கியத்தை நிறுத்தித் திரும்பச் சொல்லி, அதை மொபைலில் பதிந்து ஒப்பிட்டுப் பாருங்கள். உச்சரிப்பில் இங்கிலாந்துக்காரர் ஆக வேண்டியதில்லை. கேட்பவருக்குச் சொல் பிடிபட வேண்டும், அவ்வளவுதான்.

எழுதுவது

தினம் ஒரு பத்தி. 120 சொல், 20 நிமிடம், அன்று படித்த பகுதியைப் பற்றி மட்டும். அமைப்பு எளிது: முதல் வாக்கியத்தில் கருத்து, அடுத்து நூலில் அது நடக்கும் இடம், பிறகு ஒரு சிறு மேற்கோள், கடைசியாக அந்த மேற்கோளில் எந்தச் சொல் கருத்தை நிறுவுகிறது என்ற விளக்கம். பெரும்பாலானவர்கள் மேற்கோளோடு நிறுத்திவிடுகிறார்கள். மதிப்பெண் இருப்பது அதற்கு அடுத்த வரியில்.

திரும்பத் திரும்ப வரும் பிழைகள் சில. கதையைச் சொல்லும்போது காலம் மாறுவது முதலாவது: இலக்கியத்தில் நடப்பதை ஆங்கிலத்தில் நிகழ்காலத்தில் சொல்வது மரபு, 'ஹேம்லெட் தயங்குகிறான்' என்பது போல. ஆசிரியரின் வாழ்க்கையைப் பற்றிய உண்மைகளுக்கு மட்டும் இறந்தகாலம். இரண்டாவது, 'டிஸ்கஸ்' என்ற வினைக்குப் பின்னால் 'அபௌட்' சேர்ப்பது. தமிழில் 'பற்றி விவாதி' என்று நினைப்பதால் வருகிறது. மூன்றாவது, 'எ', 'த' விடுபடுவது. தமிழில் அவற்றுக்கு நேரான சொல் இல்லாததால் கை தானாக எழுதாது. எழுதி முடித்ததும் பெயர்ச்சொற்களை மட்டும் பார்த்துக்கொண்டு ஒருமுறை ஓடுங்கள். நான்காவது, ஆசிரியர் வாழ்க்கைக் குறிப்பால் ஒரு பக்கத்தை நிரப்புவது. கேட்காத கேள்விக்கு மதிப்பெண் கிடையாது. ஆசிரியர், பாத்திரப் பெயர்களின் எழுத்துக்கூட்டலில் பிழை விட்டால் திருத்துபவர் மூலநூலைப் படிக்கவில்லை என்று முடிவு செய்துவிடுவார்.

செமஸ்டர் தேர்வு பரவலாக 75 மதிப்பெண், இன்டர்னல் 25. தாள் 3 மணி நேரம்: இரண்டு மதிப்பெண் வினா 10, ஐந்து மதிப்பெண் வினா 5, பத்து மதிப்பெண் வினா 3 என்ற அமைப்பைப் பல தாள்களில் காணலாம். அப்படி இருந்தால் முதல் பகுதிக்கு 30 நிமிடம், இரண்டாவதற்கு 60, மூன்றாவதற்கு 75. மீதி 15 நிமிடம் திருப்பிப் பார்க்க. பலர் இரண்டு மதிப்பெண்ணுக்கு அரைப் பக்கம் எழுதி, கடைசிப் பத்து மதிப்பெண் வினாவைத் தொடக்கூட நேரம் இல்லாமல் எழுந்து வருகிறார்கள். இரண்டு மதிப்பெண்ணுக்கு 3 வாக்கியம், ஐந்துக்கு 200 சொல், பத்துக்கு 450 முதல் 500 சொல்.

மேலே சொன்ன நாடகத்தைத் துன்பியலாக விளக்கு என்று பத்து மதிப்பெண் வினா வந்தால் இப்படிப் பிரிக்கலாம். தொடக்கப் பத்தியில் நாடகத்தின் பெயர், ஆண்டு, உங்கள் வாதம்: இங்கே வில்லன் இல்லை, வாழ வைக்கும் கடலே கொல்கிறது. இரண்டாம் பத்தி காலுறையும் பலகையும், சாவு வீட்டுப் பொருள்களுக்குள் எப்படி நுழைகிறது என்று. மூன்றாவது, சொல்லாமல் போன வாழ்த்து, தாயின் குற்றவுணர்வு. நான்காவது, இனி இழக்க ஒன்றுமில்லை என்றானபின் அவளுக்கு வரும் அமைதி. கடைசியில், அரசனோ வீரனோ அல்லாத ஏழைத் தாய் ஒருத்தி துன்பியல் நாயகியாக நிற்பது பழைய இலக்கணத்திலிருந்து எப்படி விலகுகிறது என்று இரண்டு வாக்கியம். கதைச் சுருக்கத்துக்குத் தனிப் பத்தி வேண்டாம்.

ஆண்டுக் கணக்கு

ஒற்றை செமஸ்டரின் தேர்வு நவம்பரை ஒட்டி வரும். அது வடகிழக்குப் பருவமழைக் காலம். புயல் எச்சரிக்கை வந்தால் பஸ் நிற்கும், மின்சாரம் போகும், மொபைல் சார்ஜ் இருக்காது. அக்டோபர் தொடக்கத்துக்குள் மூலநூல்களை அச்சிட்டோ நகலெடுத்தோ கையில் வைத்துக்கொள்ளுங்கள், நோட்டுகளைப் பிளாஸ்டிக் பையில் கட்டி உயரத்தில் வையுங்கள். தேர்வு ஒத்திவைக்கப்பட்டதா என்பதை வாட்ஸ்அப் செய்தியை நம்பாமல் பல்கலைக்கழக அறிவிப்பிலோ துறையிலோ உறுதி செய்யுங்கள். இரட்டை செமஸ்டர் தேர்வு ஏப்ரலை ஒட்டி, தடைக்காலம் தொடங்கும் நேரத்தில். தேர்வுக் கட்டணத்துக்கான கடைசி நாளைத் தவறவிட்டால் அபராதம் கூடும், அதை மார்ச்சிலேயே கட்டிவிடுங்கள். 75 சதவீத வருகை பொதுவான விதி. வேலைக்குப் போய்க்கொண்டே படிப்பவர்கள் மாதம் ஒருமுறை தங்கள் வருகைக் கணக்கைத் துறையில் கேட்டுக் குறித்துக்கொள்ள வேண்டும்.

புத்தகத்துக்குப் பெரிய செலவு தேவையில்லை. பழைய பிரிட்டிஷ் இலக்கியம் பெரும்பாலும் காப்புரிமை முடிந்தது. புராஜெக்ட் குட்டன்பெர்க் தளத்தில் இலவசம். லிப்ரிவாக்ஸில் ஒலிநூலாகக் கேட்கலாம், பஸ்ஸில் போகும் நேரத்துக்கு ஏற்றது. நேஷனல் டிஜிட்டல் லைப்ரரியிலும் என்.பி.டி.இ.எல்., ஸ்வயம் தளங்களிலும் ஆங்கில இலக்கியப் பாடங்கள் உண்டு. இராமநாதபுரம் மாவட்ட மைய நூலகத்தில் உறுப்பினராகுங்கள். ஷேக்ஸ்பியருக்கு மட்டும் அடிக்குறிப்புள்ள பதிப்பு வேண்டும், ஆர்டன் போன்றது; குறிப்பில்லாத இலவசப் பிரதியை வைத்துக்கொண்டு முதல் முறை படிப்பது வீண் சிரமம். தமிழில் கதை சொல்லும் யூடியூப் வீடியோவை மூலநூலைப் படித்த பிறகு பார்த்தால் கேடு இல்லை. முன்பே பார்த்தால், வரியைக் கொடுத்து விளக்கச் சொல்லும் கேள்வியில் கை நின்றுவிடும்.

ஐந்தாவது செமஸ்டரிலேயே எடுக்க வேண்டிய முடிவு

பள்ளி ஆசிரியராக விரும்பினால் பட்டத்துக்குப் பின் 2 ஆண்டு பி.எட்., அதன் பிறகு டெட் எனும் ஆசிரியர் தகுதித் தேர்வின் இரண்டாம் தாள். பி.எட். சேர்க்கைக்குப் பட்டத்தில் குறைந்தபட்ச மதிப்பெண் விதி உண்டு. பொதுப் பிரிவுக்கு 50 சதவீதம், மற்றப் பிரிவுகளுக்குத் தளர்வு. அதனால் தேர்ச்சி மட்டும் பெறும் மதிப்பெண்ணோடு திருப்திப்பட்டுவிடாதீர்கள். கல்லூரி ஆசிரியர் ஆக எம்.ஏ.வும், தேசிய அளவிலான நெட் அல்லது மாநில அளவிலான செட் தகுதித் தேர்வும். திருவாரூர் மத்தியப் பல்கலைக்கழகம் போன்ற மத்தியப் பல்கலைக்கழகங்களில் எம்.ஏ. சேர க்யூட் முதுநிலை நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். அதன் விண்ணப்பம் ஆறாவது செமஸ்டர் நடக்கும்போதே முடிந்துவிடும். பட்டம் வரட்டும் என்று காத்திருப்பவர் ஒரு வருடத்தை இழப்பார். டி.என்.பி.எஸ்.சி.க்குப் போகிறவர்களுக்குத் தமிழ்த் தகுதித் தாள் கட்டாயம், ஆகவே பகுதி 1 தமிழை அலட்சியம் செய்யாதீர்கள். மொழிபெயர்ப்பில் விருப்பம் உள்ளவர்கள் வாரம் ஒரு பக்கம், தமிழிலிருந்து ஆங்கிலத்துக்கும் ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கும் மாற்றி மாற்றிச் செய்து நாள் போட்டு வைத்துக்கொள்ளுங்கள். மூன்றாம் ஆண்டில் வேலை கேட்டுப் போகும்போது காட்டுவதற்கு அதுவே மாதிரி.

கடைசித் தேர்வு முடிந்ததும் செய்ய வேண்டியவை: ஆறு செமஸ்டர் மதிப்பெண் பட்டியல்களிலும் பெயரையும் பிறந்த தேதியையும் சரிபார்த்தல், அரியர் ஏதேனும் இருந்தால் அடுத்த தேர்வுக்கே பதிவு செய்தல், நூலகப் புத்தகங்களைத் திருப்பிக் கொடுத்து நிலுவையில்லாச் சான்று வாங்குதல், மாற்றுச் சான்றிதழ், தற்காலிகப் பட்டச் சான்றிதழ், ஒருங்கிணைந்த மதிப்பெண் பட்டியல் ஆகியவற்றுக்கு விண்ணப்பித்தல். எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து மின்னஞ்சலில் ஒரு பிரதி போட்டு வையுங்கள். அசல் சான்றிதழை எந்த நிறுவனத்திலும் ஒப்படைக்கும் முன் சான்றொப்பமிட்ட நகல்கள் 5 எடுத்துக்கொள்ளுங்கள்.